வாலில்லாச் சாட்டைத்தேளின் அசலும் வட்டியும்

பாலக்காட்டுக் கணவாயின் தென்கரையில் நெல்லியாம்பதியாக எழும் மலை, பரம்பிக்குளம், டாப்ஸ்லிப், வால்பாறை எனத் தொடர்ந்து, இடுக்கி மாவட்டத்தின் சின்னாறு, மறையூர், மூணாறு வரை நீள்கிறது. ஆனைமலைத் தொடர் என்பது இதன் பொதுப்பெயர். ஒருபுறம் கேரளம், மறுபுறம் பொள்ளாச்சியும் உடுமலைப்பேட்டையும். எல்லையின் இரு பக்கங்களிலும் நம் வங்கியின் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். தேயிலையும் ஏலமும் மிளகும் தென்னையும் கரும்பும் அவர்களது வாழ்வாதாரம்.

இம்மலைகளைப் பற்றிப் பேசும்போது யானை, வரையாடு, சந்தன மரம், குறிஞ்சிப் பூ ஆகியவை உடனே நினைவுக்கு வரும். தென்னிந்தியக் குன்றுகளிலும் குகைகளிலும் பாறை இடுக்குகளிலும் வாழும் வேறோர் உயிரினத்தை நம்மில் பெரும்பாலோர் அறிய மாட்டோம். பகலில் கல்லுக்கடியில் ஒட்டிக் கிடந்து, இரவில் மட்டும் வெளிவருவது அதன் வழக்கம். கண்ணில் பட்டால் தேள் என்றோ நச்சுச் சிலந்தி என்றோ எண்ணிப் பலரும் அடித்துவிடுவர். வாலில்லாச் சாட்டைத்தேள் என்பது அதற்குப் பொருந்தும் பெயர். சாட்டைச் சிலந்தி என்றும் சொல்வதுண்டு.

வெளிநாடுகளில் இவ்வுயிரினத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்த்து இனம்பெருக்குவோர் பலர் உள்ளனர். அபூர்வ உயிரினங்களை வளர்த்து விற்றால் பெரும்பணம் வரும் என்ற பேச்சு நம் ஊர்களிலும் அவ்வப்போது எழுகிறது. ஆகவே இந்த உயிரினம் எப்படிப்பட்டது, எப்படி வளர்க்கப்படுகிறது, அதில் வரவு எது, செலவு எது என்பதை ஒரு வங்கி அலுவலரின் கண்கொண்டு பார்ப்பது பயனுடையது.

தேளுமன்று, சிலந்தியுமன்று

சிலந்தி, தேள், உண்ணி ஆகியவை அடங்கிய எட்டுக்கால் உயிரினப் பெருங்குழுவில் இது ஒரு தனி வரிசை. அறிவியலார் இதனை ஆம்பிலிபைகை என்பர். கிரேக்க மொழியில் ‘மழுங்கிய பின்புறம்’ என்பது அச்சொல்லின் பொருள். வால் இல்லாமையைக் குறித்து எழுந்த பெயர் அது. உலகெங்கும் 250-க்கு மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. இவ்வரிசையைச் சேர்ந்த புதைபடிவங்கள் ஏறத்தாழ 30 கோடி ஆண்டுப் பழமை வாய்ந்த பாறைகளில் கிடைத்திருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்று காணும் பூக்கும் மரங்கள் எவையும் தோன்றாத காலம் அது.

இதற்குக் கொடுக்கு இல்லை. நஞ்சுச் சுரப்பியும் இல்லை. சிலந்தியைப்போல் நூல் நூற்கவும் தெரியாது. தட்டையான உடல் பாறை வெடிப்பில் நுழைவதற்கு ஏற்றது. பெரிய இனங்களிலும் உடலின் நீளம் 4 அல்லது 5 சென்டிமீட்டர் அளவே இருக்கும். முன்புறத்தில் முள் நிறைந்த இரு பற்றுக்கைகள் மடிந்திருக்கும். இரையைப் பிடிப்பவை அவையே. கையால் அழுத்திப் பிடித்தால் அந்த முள் கீறக்கூடும். மனிதருக்கு நேரக்கூடிய தீங்கு அவ்வளவே.

எட்டுக் கால்களில் நடப்பதற்குப் பயன்படுபவை ஆறு மட்டுமே. முன்னிரு கால்கள் நூல்போல் மெலிந்து, உடலைப்போல் பல மடங்கு நீண்டு, தொடுவதற்கும் முகர்வதற்கும் உரிய புலனுறுப்பாக மாறிவிட்டன. பெரிய இனங்களில் அவற்றை இருபுறமும் விரித்தால் ஒரு முழத்தையும் தாண்டும். அந்தச் சாட்டை போன்ற உணர்கால்களால் இருளைத் தடவிப் பார்த்தபடி நண்டைப்போலப் பக்கவாட்டில் நகரும்.

இதற்கு உறவான மற்றொரு வரிசை வாலுள்ள சாட்டைத்தேள். அதன் உடல் முடிவில் மெல்லிய கசை போன்ற வால் உண்டு. அச்சுறுத்தினால் காடியின் நெடியுள்ள அமில நீரைப் பீய்ச்சும். நம் தென்மாநிலங்களில் அதுவும் உள்ளது. வாலில்லாததோ எதையும் பீய்ச்சாது. ஓடி ஒளிவதே அதன் தற்காப்பு. 2005-ல் வெளியான நான்காம் ஹாரி பாட்டர் திரைப்படத்தில், வகுப்பறையில் ஆசிரியர் சாபத்துக்கு எடுத்துக்காட்டாக ஓர் எட்டுக்கால் உயிரினத்தை வைத்துக் காட்டுவாரே, அது இவ்வரிசையைச் சேர்ந்தது. அச்சமூட்டும் தோற்றத்துக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டது போலும்.

பரம்பிக்குளம் முதல் ஃப்ரைபுர்க் வரை

இந்திய இனங்களைப் பற்றிய அறிவு நூறாண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது. லண்டனில் பணியாற்றிய போகாக் என்ற விலங்கியலார், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளராயிருந்த ஃபிப்சனின் பெயரால் ஓர் இந்திய இனத்துக்கு 1894-ல் ஃப்ரினிக்கஸ் ஃபிப்சோனி எனப் பெயரிட்டார். இந்தியாவிலும் இலங்கையிலும் பரவலாக அறியப்பட்ட பேரினம் ஃப்ரினிக்கஸ்தான். 2005-ல் ஆந்திரத்திலிருந்தும் இதன் புதிய இனம் ஒன்று விவரிக்கப்பட்டு, ஃப்ரினிக்கஸ் ஆந்த்ரயென்சிஸ் என்ற பெயர் பெற்றது.

கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் பணியாற்றிய கிரேவ்லி என்பவர் 1914 செப்டம்பரில் பரம்பிக்குளத்துக்கு வந்து தங்கி, அக்காட்டின் சிற்றுயிர்களைச் சேகரித்தார். அன்று அப்பகுதி கொச்சி அரசின் வனம். மரங்களைச் சாலக்குடிக்குக் கொண்டு செல்ல 1907 முதல் 1963 வரை ஓடிய வன டிராம்வே பாதை அப்போது இயங்கிக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டே, 1915-ல், கீழ்த்திசை நாடுகளின் வாலில்லாச் சாட்டைத்தேள்களைப் பற்றிய விரிவான ஆய்வு ஒன்றையும், இந்தியச் சிற்றுயிர்களின் பழக்கவழக்கங்களைப் பற்றிய குறிப்புகளையும் அவர் வெளியிட்டார். பின்னர் 1920 முதல் 1940 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராகப் பணியாற்றியவரும் இவரே.

ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் பீட்டர் வைகோல்ட், பல நாட்டு இனங்களை ஆய்வகத்தில் ஆண்டுக்கணக்கில் வளர்த்துப் பார்த்தவர். அவர் 1998-ல் ஃப்ரினிக்கஸ் பேரினத்தை முழுமையாக மறு ஆய்வு செய்தார். 2000-ல் இவ்வரிசையைப் பற்றிய முழுநூல் ஒன்றையும் எழுதினார். இன்று உலகெங்கும் வளர்ப்போர் பின்பற்றும் முறைகள் பலவும் அத்தகைய ஆய்வகப் பொறுமையிலிருந்து பிறந்தவையே.

வளர்ப்பு முறை

வெளிநாட்டு வளர்ப்போரிடம் மிகுதியாகக் காணப்படுவது கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த டேமன் டையடீமா என்னும் இனம். அதன் வளர்ப்பில் கையாளப்படும் முறைகளைச் சுருக்கமாகக் காண்போம்.

பெட்டி அகலமாக இருப்பதைவிட உயரமாக இருப்பது முதன்மையானது. சாய்ந்தோ செங்குத்தாகவோ நிற்கும் மரப்பட்டையும் தக்கையும் உள்ளே வேண்டும். பகல் முழுதும் பட்டையின் அடிப்புறத்தில் ஒட்டிக் கிடப்பதற்கு அவை உதவும். அடியில் ஈரம் காக்கும் தென்னைநார்க் கழிவு பரப்பப்படும். காற்றில் ஈரப்பதம் மிகுதியாகவும், வெப்பம் 22 முதல் 28 டிகிரி வரையிலும் இருப்பது நலம். நேரடி வெயிலும் கடும் வெளிச்சமும் ஆகா. உணவாகச் சிறு சில்வண்டும் கரப்பானும் இடுவர். வயல்வெளியில் பிடித்த பூச்சிகளைக் கொடுத்தால் பூச்சிக்கொல்லி எச்சத்தால் அது இறக்கக்கூடும். எனவே இரைப் பூச்சிகளையும் தனியே வளர்க்க வேண்டியிருக்கும். ஓர் உயிரினத்தை வளர்க்கப் புகுந்தவர் இரண்டு மூன்று உயிரினங்களை வளர்க்க நேரும் என்பது இத்துறையின் முதற்செலவு.

இதன் வாழ்வில் மிகவும் இடர்நிறைந்த நேரம் தோலுரிக்கும் இரவு. பட்டையின் அடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, பழைய தோலிலிருந்து தன் உடலையும் நூல்போன்ற கால்களையும் மெல்ல உருவி எடுக்கும். கீழே போதிய இடைவெளி இல்லையென்றாலும், பிடிமானம் வழுக்கினாலும், ஈரம் குறைந்தாலும் கால்கள் சிக்கி உயிர் போகும். புதிதாய் வெளிவந்த உடல் வெளிறி மென்மையாய் இருக்கும். அது இறுகும்வரை பெட்டியில் ஒரு சில்வண்டுகூட இருத்தலாகாது. இரையே அப்போது பகையாகிவிடும். சிலந்திகள் பலவற்றில் ஆண் முதிர்ந்தபின் தோலுரிப்பதில்லை. இதுவோ ஆணும் பெண்ணும் முதிர்ந்த பின்னரும் தோலுரிக்கும். ஒடிந்த உணர்கால் அடுத்தடுத்த உரிப்புகளில் மீண்டும் வளரும்.

இணைசேர்தலும் அவசரத்துக்கு இடம் கொடாதது. ஆண் தன் சாட்டைக் கால்களால் பெண்ணை நெடுநேரம் மெல்லத் தொட்டுத் தொட்டுப் பழகும். சில இனங்களில் இது மணிக்கணக்கில் நீளும். பின்னர் காம்புள்ள ஒரு விந்துப்பையைத் தரையில் நிறுத்தி, பெண்ணை அதன்மீது வருமாறு வழிநடத்தும். பெண்ணுக்கு விருப்பமில்லையெனில் எல்லாம் வீண். மறுநாள், மறுவாரம் என மீண்டும் முயல வேண்டும்.

முட்டைகளைத் தாய் தன் வயிற்றின் அடியில் ஒட்டிய பையில் ஏறத்தாழ மூன்று மாதம் சுமக்கும். அச்சமயம் அதைத் தொந்தரவு செய்தால் பையை உதறிவிடவோ தின்றுவிடவோ கூடும். பொரித்த குஞ்சுகள் வெளிறிய நிறத்தோடு தாயின் முதுகில் ஏறி அமரும். முதல் தோலுரிப்பு வரை அங்கேயே இருக்கும். தவறிக் கீழே விழுந்த குஞ்சு பிழைப்பதரிது. முதல் உரிப்பு முடிந்ததும் இறங்கித் தனியே வேட்டையாடத் தொடங்கும். முழு வளர்ச்சி பெற இனத்துக்கேற்ப ஓராண்டுக்கு மேல், சிலவற்றில் இரண்டு மூன்று ஆண்டுகளும் ஆகும்.

தாயின் தடவல்

இவ்வளவு முரட்டுத் தோற்றமுள்ள உயிரினத்தின் குடும்ப வாழ்க்கை வியப்பூட்டுவது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்டா ரேயரும் அவருடன் பணியாற்றியவரும் இரண்டு இனங்களை ஆராய்ந்து 2006-ல் முடிவுகளை வெளியிட்டனர். ஒன்று ஃபுளோரிடாவைச் சேர்ந்தது. மற்றொன்று மேலே சொன்ன டேமன் டையடீமா. தாய் தன் வளர்ந்த குஞ்சுகளின் நடுவே அமர்ந்து, சாட்டைக் கால்களால் ஒவ்வொன்றையும் மாறி மாறித் தடவிக்கொடுப்பதை அவர்கள் கண்டனர். குஞ்சுகளும் பதிலுக்குத் தாயையும் உடன்பிறந்தவற்றையும் தடவின. அவற்றைப் புதிய பெட்டியில் பிரித்துவிட்டாலும் விரைவில் தேடிச்சென்று ஒன்றுகூடின. எட்டுக்கால் உயிரினங்களில் இத்தகைய நட்பான கூட்டு வாழ்க்கை அரிது. ஒன்றையொன்று தின்னும் வழக்கமே அவற்றில் மிகுதி.

வழி அறிவதிலும் இது தேர்ந்தது. நடு அமெரிக்காவின் கோஸ்ட்டா ரிக்கா மழைக்காட்டில், மரத்தடிப் பொந்தில் வாழ்ந்த சாட்டைத்தேள்களைப் பிடித்து, 10 மீட்டர் தொலைவு வரை கொண்டுபோய் விட்டனர் ஆய்வாளர்கள். செடிகொடி அடர்ந்த தரையில், இருட்டில், அவற்றுள் பல சில இரவுகளுக்குள் தம் மரத்துக்கே திரும்பின. கண்களை மறைத்தாலும் வழி தவறவில்லை. உணர்கால்களின் நுனியைச் செயலிழக்கச் செய்தபோதுதான் தடுமாறின. மணத்தை நினைவில் வைத்து வீடு திரும்பும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு என்பது தெரியவந்தது.

குறிப்பிட்ட ஒரு பாறை இடுக்கைத் தன் வீடாக அறிந்து, ஆண்டுக்கணக்கில் அங்கேயே வாழும் உயிரினம் இது. அதைப் பிடித்துக் கொண்டுபோனால் அந்த இடுக்கு வெறுமையாகும். மற்றொன்று வந்து குடியேறப் பல காலம் ஆகும்.

அசலும் வட்டியும்

இவற்றையெல்லாம் வணிகவியல் மாணவனின் மொழியில் சொன்னால் இப்படி வரும். காட்டில் உள்ள முதிர்ந்த உயிரினங்கள் அசல். அவை ஈனும் குஞ்சுகளில் பிழைப்பவை வட்டி. எலிபோல் மாதந்தோறும் பெருகும் உயிரினத்தின் வட்டி விகிதம் உயர்ந்தது. வாலில்லாச் சாட்டைத்தேளின் வட்டி விகிதமோ மிகவும் தாழ்ந்தது. ஆண்டுக்கு ஒருமுறையே ஈனும் என்றும், ஒரு பையில் முப்பது முட்டை என்றும், அவற்றுள் பாதி வளர்ந்து முதிரும் என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அதுவும் குறையேதும் நேராத வளர்ப்புப் பெட்டியில்தான். காட்டில் ஓணான், பறவை, பூரான், வறட்சி எல்லாம் சேர்ந்து அதில் பெரும்பகுதியைக் கழித்துவிடும். ஆகவே காட்டிலிருந்து வளர்ந்த ஒன்றைப் பிடிப்பது, பல ஆண்டு வட்டியோடு சேர்த்து அசலையே எடுத்துவிடுவதற்கு ஒப்பாகும்.

அசலைத் தொடாமல் வட்டியில் வாழ முடியும் என்பதற்கு நம் தமிழகத்திலேயே நல்ல சான்று உண்டு. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அது. உரிய அனுமதியுடன் பாம்புகளைப் பிடித்து, சில வாரம் வைத்திருந்து, அளவோடு நஞ்செடுத்து, அடையாளமிட்டு, மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். பாம்புக்கடி மருந்து தயாரிக்க அந்த நஞ்சு போகிறது. உழைப்பவருக்கு ஊதியம் வருகிறது. பாம்பு தன் இடத்துக்குத் திரும்புகிறது. அங்கே விற்கப்படுவது நஞ்சு. பாம்பு விற்கப்படுவதில்லை. சாட்டைத்தேளிடம் அப்படி எடுத்து விற்க ஒன்றுமில்லை. அதை விற்பதானால் அதையேதான் விற்க வேண்டும்.

அழகு விலையான கதை

அழகும் அரிதும் சேர்ந்தால் விலை பிறக்கும். ஆந்திரத்தின் கூத்தி ரயில் நிலையப் பகுதியில் கிடைத்த ஒரே ஒரு நீலச் சிலந்தியைக் கொண்டு போகாக் 1899-ல் ஓர் இனத்தை விவரித்தார். நூறாண்டுக்கு மேல் அது யார் கண்ணிலும் படவில்லை. 2001-ல் நந்தியால், கித்தலூர் இடையிலான காட்டில் மீண்டும் கண்டறியப்பட்டது. அதன் மின்னும் நீல நிறம் உலகெங்கும் உள்ள சிலந்தி வளர்ப்போரை ஈர்த்தது. சில ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெட்டிகளில் அது இனம்பெருகியது. இங்கோ அதன் காடு சுருங்கிக்கொண்டே வந்தது. 2008-ல் அது மிகவும் அருகிவிட்ட இனம் என அறிவிக்கப்பட்டது. அந்த நீலச் சிலந்தியை உள்ளடக்கிய பேரினம் முழுவதும் 2019-ல் பன்னாட்டு வனவுயிர் வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அப்பேரினத்தின் மரச்சிலந்திகள் மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பகுதியிலும் உண்டு.

வெளிநாட்டில் பெருகிய சிலந்தியால் இங்குள்ள காட்டுக்கோ காட்டோரத்தில் வாழ்வோருக்கோ ஒரு ரூபாயும் வந்ததில்லை. வளர்ப்பு வெற்றி பெற்ற இடம் ஒன்று, இழப்பு நேர்ந்த இடம் வேறொன்று. வாலில்லாச் சாட்டைத்தேளுக்கும் அதே நிலை வராதிருக்க வேண்டும்.

சட்டம் சொல்வது என்ன?

வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் இயற்றப்பட்டது. சரணாலயத்திலிருந்தோ தேசியப் பூங்காவிலிருந்தோ எந்த வனவுயிரையும் உரிய அனுமதியின்றி எடுத்துச் செல்வது அதன்படி குற்றம். அது புலியாயிருக்க வேண்டும் என்பதில்லை. பட்டியலில் பெயர் இல்லாத சிறு பூச்சிக்கும் இது பொருந்தும். நம் பகுதியில் பரம்பிக்குளம், சைலன்ட் வேலி, சின்னாறு, இரவிகுளம், பெரியாறு, எல்லைக்கு இப்பால் ஆனைமலை எனக் காட்டின் பெரும்பகுதி இத்தகைய பாதுகாப்பில் உள்ளது. சுற்றுலா சென்ற இடத்தில் கல்லைப் புரட்டிக் கண்டதைப் புட்டியில் போட்டுக்கொண்டு வருவது வேடிக்கையாகத் தோன்றலாம். சட்டத்தின் கண்ணில் அது வேடிக்கையன்று.

2022-ல் இச்சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பன்னாட்டு உடன்படிக்கையில் உள்ள உயிரினங்களுக்கென நான்காம் அட்டவணை சேர்க்கப்பட்டது. அவற்றை வைத்திருப்போரும் இனம்பெருக்குவோரும் பதிவு செய்வதற்கான விதிகள் 2024-ல் வெளியாயின. மேலும், நம் நாட்டின் உயிர்வளங்களை வெளிநாட்டவர் பெறுவதற்கு முன்அனுமதி வேண்டும் என்கிறது 2002-ன் உயிரியல் பன்மைச் சட்டம். எனவே அஞ்சலில் ஒரு சிறு டப்பாவை வெளிநாட்டுக்கு அனுப்பினால் இத்தனை ரூபாய் என்று எவரேனும் சொன்னால், அந்தத் தொகையைக் காட்டிலும் பின்னால் வரும் வழக்கின் செலவு பெரிதாயிருக்கும்.

எமு முதல் மண்ணுளி வரை

அபூர்வ உயிரினத்தைக் காட்டிப் பணம் திரட்டுவது நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. 1990-களில் ஆடு, தேக்கு, மாஞ்சியம் என்ற மூன்று சொற்கள் கேரளத்தில் எத்தனை குடும்பங்களின் சேமிப்பைக் கரைத்தன என்பதை மூத்தோர் அறிவர். அதன் பின்னரே கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கான விதிமுறைகளை 1999-ல் செபி வகுத்தது. 2012-ல் ஈரோடு மாவட்டம் பெருந்துறையை மையமாகக் கொண்ட எமுக்கோழித் திட்டங்கள் சரிந்தபோது, கொங்கு மண்டலத்துக் குடும்பங்கள் பலவும் கண்ணீர் விட்டன. கோழிக்குஞ்சையும் தீவனத்தையும் நிறுவனமே தரும், மாதந்தோறும் பராமரிப்புத் தொகை வரும், ஆண்டு முடிவில் ஊக்கத்தொகை உண்டு என்ற வாக்குறுதிகள் கவர்ச்சியாயிருந்தன. எமு இறைச்சியை வாங்கும் கடை எங்கே என்ற ஒரு கேள்வியைப் பெரும்பாலோர் கேட்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவரின் பணமே முன்பு சேர்ந்தவருக்கு வருமானமாகச் சென்றது. புதியவர் வருவது நின்றதும் எல்லாம் நின்றது.

மண்ணுளிப் பாம்பின் கதை இன்னும் கொடியது. இருதலை மணியன் என்றும் அதைச் சொல்வர். அதை வீட்டில் வைத்தால் செல்வம் பெருகும், வெளிநாட்டில் கோடிக்கணக்கில் விலைபோகும் என்ற கட்டுக்கதையை நம்பி முன்பணம் கொடுத்து ஏமாந்தோர் எத்தனையோ பேர். பாம்பைப் பிடித்தவர் வழக்கில் சிக்கினார். பணம் வாங்கியவர் மறைந்தார். பாம்புக்கும் துன்பம், பணம் கொடுத்த குடும்பத்துக்கும் துன்பம்.

நாளை இதே பேச்சு சாட்டைத்தேளின் பெயரால் வரலாம், வேறோர் உயிரினத்தின் பெயராலும் வரலாம். பெயர் மாறும், கணக்கு மாறாது. அப்போது வாடிக்கையாளர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளத்தக்க கேள்விகள் ஐந்து.

முதலாவது, இதை இறுதியில் வாங்கிப் பயன்படுத்துபவர் யார்? பாலுக்கும் முட்டைக்கும் தேனுக்கும் உண்பவர் உண்டு. வளர்ப்பவர் மற்றொரு வளர்ப்பவருக்கே விற்க வேண்டிய பொருளாயின், அந்தச் சங்கிலி ஒருநாள் அறும்.

இரண்டாவது, இதன் விலை எங்கே எழுதப்பட்டிருக்கிறது? மறையூர் வெல்லத்துக்கும் வண்டன்மேட்டு ஏலக்காய்க்கும் நாள்தோறும் விலை தெரியும். திட்டத்தைக் கொண்டுவந்தவரின் வாயில் மட்டுமே உள்ள விலை விலையாகாது.

மூன்றாவது, தாய் உயிரினம் எங்கிருந்து வந்தது? காட்டிலிருந்து வந்ததென்றால் அது வளர்ப்பன்று, கடத்தல். அயல்நாட்டிலிருந்து வந்ததென்றால் இறக்குமதி உரிமமும் பதிவும் கையில் இருக்க வேண்டும்.

நான்காவது, இழப்பு நேர்ந்தால் ஈடு உண்டா? கறவை மாட்டுக்குக் காப்பீடும் கால்நடை மருத்துவரும் உண்டு. தோலுரிக்கையில் இறந்த சாட்டைத்தேளுக்கு எந்தக் காப்பீட்டு நிறுவனமும் ஈடு தராது.

ஐந்தாவது, பணத்தைப் பெறுபவர் பெறுவதற்கு உரிமை பெற்றவரா? ஒழுங்குமுறைக்கு உட்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் சட்டம் 2019 முதல் நாடெங்கும் நடைமுறையில் உள்ளது. ஐயம் எழுந்தால் இந்திய ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ இணையதளத்தில் விவரம் பார்க்கலாம், புகாரும் அளிக்கலாம். வங்கியில் உள்ள வைப்புத்தொகைக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புத்தொகைக் காப்பீடு 2020 முதல் உள்ளது. உயிரினத் திட்டத்தில் போட்ட பணத்துக்கு அத்தகைய காப்பு எதுவும் இல்லை.

உயிரினம் வளர்த்து வருவாய் ஈட்ட விரும்புவோருக்கு நேரிய வழிகள் பல உள்ளன. பால் மாடு, ஆடு, கோழி, மீன் வளர்ப்போருக்கும் உழவர் கடன் அட்டை வசதி 2019 முதல் விரிவாக்கப்பட்டுள்ளது. மலையடிவாரத் தோட்டங்களுக்கு ஏற்றது தேனீ வளர்ப்பு. அதற்கெனத் தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கம் இயங்குகிறது. தேனீ ஏலப்பூவையும் காப்பிப்பூவையும் காய்க்கச் செய்துவிட்டுத் தேனையும் தருகிறது. தேவையானதை அதற்கு விட்டுவைத்து எஞ்சியதை எடுத்தால் கூடு நிலைக்கும். இதுவும் அசலைத் தொடாத வட்டிதான்.

பார்ப்பதற்கு மட்டும் உரிய செல்வம்

அப்படியானால் வாலில்லாச் சாட்டைத்தேளைப் பெட்டியில் வளர்ப்பது பயனற்ற செயலா? ஒருபோதும் இல்லை. முட்டையைச் சுமக்கும் காலம், தாயின் தடவல், தோலுரிப்பின் நுட்பம் ஆகியவற்றையெல்லாம் வளர்த்துப் பார்த்தவர்கள் வழியாகவே உலகம் அறிந்தது. பல்கலைக்கழகமும் உயிர்க்காட்சிச்சாலையும் உரிய அனுமதியோடு செய்யும்போது அது அறிவை வளர்க்கும். அருகிவரும் இனத்துக்குக் காப்பகமாகவும் ஆகலாம். கோயம்புத்தூரை இருப்பிடமாகக் கொண்ட ‘சூ அவுட்ரீச்’ என்னும் அமைப்பு, சிலந்தி போன்ற சிற்றுயிர்களின் நிலையையும் மதிப்பிட்டு, மக்களிடையே விழிப்புணர்வை ஊட்டி வருகிறது. நம் மலைகளில் எந்தெந்த இனங்கள் எங்கெங்கு உள்ளன என்ற கணக்கெடுப்புக்கு இளைஞர் பலர் தேவைப்படுகின்றனர். அதற்கு வேண்டியவை ஒரு கைவிளக்கும் ஒரு குறிப்பேடும் வனத்துறையின் அனுமதியுமே.

வீட்டுச் சுவரிலோ தோட்டத்துக் கல்லுக்கடியிலோ இதைக் கண்டால் செருப்பைத் தேட வேண்டியதில்லை. சற்றுத் தள்ளி நின்று குழந்தைகளுக்குக் காட்டலாம். அது தன் சாட்டையால் இருளைத் தடவிப் பார்த்து, பக்கவாட்டில் நகர்ந்து, தன் இடுக்குக்குள் சென்று மறையும். கரப்பானையும் பூச்சியையும் தின்று அங்கேயே வாழும். நாம் வைப்பீடு செய்யாத கணக்கில் நமக்காகச் சேரும் வட்டி அது. அசல் அந்தப் பாறை இடுக்கிலேயே இருக்கட்டும்.